கறி இல்லாத மான்

ஐலி: மான் எங்க அத்தான்?

ரெய்னோ: எந்த மான்?

ஐலி: இப்பதானே சொன்னீங்க, வண்டில வந்து மோதுச்சுன்னு. அந்த மான்.

ரெய்னோ: அதுவா... ஓடிப்போச்சு.

ஐலி: பம்பர் நசுங்கியிருக்கு. ஒரு பக்கத்து லைட் தொங்குது. ரேடியேட்டர் ஒழுகுதுன்னு நீங்களே சொல்றீங்க. மான் மட்டும் எழுந்து, உடம்ப உதறிட்டு, ஓடிப்போச்சா?

ரெய்னோ: நல்ல தெம்பான மான்.

ஐலி: ம்ம்.

ரெய்னோ: என்ன ம்ம்? நீ இன்சூரன்ஸ் ஏஜென்டா, போலீஸா? க்ளெய்ம்ல "மான் மோதியது"ன்னு எழுது. ரெண்டே வார்த்தை. அதுக்கு எதுக்கு கழுத்த வெறப்பா வச்சுக்கிட்டு மொறைக்கிற?

ஐலி: யாரு மொறைச்சா? கழுத்து புடிச்சிருக்கு. தலகாணி சரியில்ல.

ரெய்னோ: எந்தத் தலகாணி? நாற்காலில போட்டு உக்காந்திருக்கியே, அதுவா? அது இல்லேன்னா மேசைக்கு மேல உன் மூஞ்சியே தெரியாதே.

ஐலி: ஆரம்பிச்சுட்டாரு! அக்காவ கட்டிக்கிட்ட அன்னைக்கு சொன்ன ஜோக்கு. இன்னும் புதுசு கிடைக்கலையா?

ரெய்னோ: எப்படிக் கிடைக்கும்? நீதான் அதுக்கப்புறம் வளரவே இல்லையே. உன் அக்கா ஏணி, நீ முக்காலி. ஒரே வயித்துல எப்படித்தான்...

ஐலி: மானுக்கு வாங்க அத்தான்.

ரெய்னோ: வந்துட்டேன். க்ரீக் ரோட்டுல. சனிக்கிழமை சாயங்காலம். வேட்டை கேம்ப்லேர்ந்து வீட்டுக்கு வர்றப்ப.

ஐலி: கேம்ப்ல எத்தன மான் விழுந்துச்சு?

ரெய்னோ: அது எதுக்கு இப்ப?

ஐலி: சும்மாதான் கேக்கறேன்.

ரெய்னோ: ...காத்து சரியில்ல.

ஐலி: ஒரு வாரம். குளிர்ல மரத்து மேல குந்திக்கிட்டு, துப்பாக்கிய மடில வச்சுக்கிட்டு, உங்க கூட்டாளி வெய்க்கோவோட சேந்து பிராந்தியக் குடிச்சுக்கிட்டு... ஒரு மான்கூட எட்டிப் பாக்கல. வீட்டுக்குக் கிளம்பினதும் ஒண்ணு தானா வந்து பம்பர்ல விழுந்துச்சாக்கும்?

ரெய்னோ: என்னப் பாத்துப் பாவமா இருந்திருக்கும்.

ஐலி: என் காதுல பூ சுத்தாதீங்க. ஓடிச்சா, செத்துச்சா? அதச் சொல்லுங்க.

ரெய்னோ: எது எழுதினா உனக்கு வேலை சீக்கிரம் முடியும்?

ஐலி: அத்தான்!

ரெய்னோ: செத்துருச்சு. போதுமா? அங்கயே செத்துருச்சு.

ஐலி: அப்ப கறி?

ரெய்னோ: ...என்ன கறி?

ஐலி: மான் கறி. அத என்ன பண்ணினீங்க?

ரெய்னோ: விட்டுட்டு வந்துட்டேன். இருட்டிடுச்சு, குளிரு வேற...

ஐலி: யாரு, நீங்களா? ரோட்டுல கெடக்கற மான விட்டுட்டு வந்தீங்களா?

ரெய்னோ: ஏன், வரக்கூடாதா?

ஐலி: போன வருஷம் முன்னாடி போன லாரிக்காரன் அடிச்ச மானு. அவன் வேணாம்னுட்டான். நீங்க போலீஸுக்கு போன் போட்டு அனுமதி வாங்கி, கல்யாண நாள் சட்டையோட தோள்ல தூக்கி வண்டில போட்டீங்க. அக்கா ஓட்டல் வாசல்ல தனியா நின்னுக்கிட்டு இருந்தா. இந்த ஊர்ல யார் வேணா கறிய விட்டுட்டு வருவாங்க, நீங்க வருவீங்களா?

ரெய்னோ: சரி, எடுத்துட்டுதான் வந்தேன். ஃப்ரீஸர்ல இருக்கு.

ஐலி: அப்ப நல்லதா போச்சு. சாயங்காலம் வர்றேன், சாசேஜுக்கு ஒரு தொடை...

ரெய்னோ: வேணாம்! வராத. அதாவது... நானே கொண்டு வந்து தர்றேன்.

ஐலி: எங்கேர்ந்து? கடைலேர்ந்தா?

ரெய்னோ: எமகாதகி.

ஐலி: இந்த இனிப்பு நிஸு ரொட்டிய எடுத்துக்கோங்க, காப்பி ஆறுது. மான்னு சொன்னா லாபம்னு உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

ரெய்னோ: நீதான்.

ஐலி: நானா?

ரெய்னோ: பின்ன? வருஷா வருஷம் அக்டோபர் வந்தா சர்ச் ஹால்ல மைக்கப் புடிச்சுக்கறியே. "மான் வந்து மோதினா உங்க தப்பு இல்ல. கம்பெனி குடுத்துடும், அடுத்த வருஷம் கட்டற தொகையும் ஏறாது. மானுக்கு பயந்து ஸ்டீயரிங்க ஒடிச்சு மரத்துல விட்டீங்கன்னா அது உங்க தப்பு. தொகை ஏறும். அதனால ஒடிக்காதீங்க. பிரேக்க மிதிங்க, நேரா போங்க." போன மாசம்கூட ஒரு பொம்மை மானத் தூக்கிக்கிட்டு வந்து மேடைல ஆடிக் காட்டினியே.

ஐலி: ...எல்லாத்தையும் நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க.

ரெய்னோ: எப்படி மறக்கறது? பொம்மை உன்னவிட ஒசரம்.

ஐலி: சிரிங்க, சிரிங்க. காலைல உங்க வீட்டு வழியாத்தான் வந்தேன். வண்டியப் பாத்தேன். மான் முடி ஒண்ணுகூட இல்ல. லைட்டுக்குள்ள மரப்பட்டைதான் சிக்கிக்கிட்டு இருக்கு.

ரெய்னோ: எல்லாத்தையும் எடுத்துட்டேனே!

ஐலி: ஆக... எடுத்தீங்க.

ரெய்னோ: நீ... பாக்கவே இல்லையா?

ஐலி: நான் இன்னைக்கு அந்தப் பக்கமே வரல.

ரெய்னோ: அடிப்பாவி!

ஐலி: மரம்தானே?

ரெய்னோ: மரம்தான். சரி, மானப் பாத்து ஒடிச்சேன், மரத்துல விட்டுட்டேன். என் தப்பு. மரம்னே எழுது. முதல் ஆயிரம் டாலர நான் கட்டறேன், மீதிய கம்பெனி குடுக்கட்டும்.

ஐலி: யாரு ஓட்டினா?

ரெய்னோ: நான்தான்னு சொல்றேன்ல.

ஐலி: நீங்க கேம்ப்புக்குப் போனது வெய்க்கோ வண்டில. சனிக்கிழமை உங்க வண்டி உங்ககிட்டயே இல்ல. நேத்து சர்ச் விடறப்ப வெய்க்கோதான் உங்கள சர்ச் வாசல்ல எறக்கி விட்டான். நான் படில நின்னு கை ஆட்டினேன்.

ரெய்னோ: ஆமா, ஆட்டினே. ரோபோ மாதிரி மொத்த உடம்பையும் திருப்பி. என்னடா இவளுக்கு ஆச்சுன்னு வெய்க்கோகூட கேட்டான்.

ஐலி: பேச்ச மாத்தாதீங்க.

ரெய்னோ: ஐலி, என் கண்ணுல்ல... எழுதிடேன். கேள்வி கேக்காம எழுதிடு.

ஐலி: பொய் க்ளெய்ம் எழுதினா என் லைசென்ஸ் போகும். உங்க பாலிசிய ரத்து பண்ணிடுவாங்க. இன்சூரன்ஸ் இல்லாத வண்டிய மிஷிகன்ல ரோட்டுல எறக்க முடியுமா? மில்லுக்கு எப்படிப் போவீங்க, பனில நடந்தா?

ரெய்னோ: அப்ப க்ளெய்மே வேணாம். குடு இப்படி. என் கைக்காச போட்டு நானே செஞ்சுக்கறேன்.

ஐலி: உக்காருங்க.

ரெய்னோ: வேணாம், நான் போறேன்.

ஐலி: உக்காருங்க அத்தான்! யார ஒளிக்கிறீங்க?

ரெய்னோ: ...உனக்குத் தெரியாதா?

ஐலி: நீங்க சொல்லுங்க.

ரெய்னோ: நீதானே அவ பேர வெட்டினே?

ஐலி: அக்காவா?

ரெய்னோ: அக்காதான். வேற யாரு? மூணு தடவ வேகமா போனதுக்கு அபராதம். அப்புறம் அந்தக் கடை வாசல் கம்பம்...

ஐலி: கம்பம்தான் நகர்ந்து வந்துச்சுன்னு இன்னும் சொல்றா.

ரெய்னோ: என்கிட்டயும் அதான் சொல்றா. கம்பெனிக்காரன், உன் பொண்டாட்டி ஹில்யா ஓட்டினா ரெண்டு மடங்கு கட்டு, இல்லாட்டி அவ பேர பாலிசிலேர்ந்து விலக்குன்னான். நம்ம கையில ஏது அவ்வளவு? நீ காகிதத்தக் கொண்டு வந்தே, நான் கையெழுத்து போட்டேன். உன் அக்கா அன்னைக்கு ரெண்டு பேருக்கும் சோறு போடல.

ஐலி: எனக்குத் தெரியாதா? கறி அடைச்ச பேஸ்டிய தட்டுல வச்சுட்டு, திரும்ப எடுத்து நாய்க்குப் போட்டா.

ரெய்னோ: விலக்கின ஆள் சாவியத் தொட்டா வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லாத மாதிரின்னு நீதான் சொன்னே. எதிர்ல வர்றவனுக்கு ஏதாவது ஆனா நம்ம வீட்ட வித்துத்தான் கட்டணும்னே. அவ தொடல ஐலி. மூணு வருஷமா தொடல. நான் ஓட்டறப்ப பக்கத்துல உக்காந்து கால தரையில வச்சு மிதிப்பா... ஆக்சிலேட்டர் அங்க இருக்கற மாதிரி. அவளுக்கே தெரியாது அது.

ஐலி: ...தெரியும். நானும் பாத்திருக்கேன்.

ரெய்னோ: ஏப்ரல் வந்தா அபராதமெல்லாம் கணக்குலேர்ந்து கழிஞ்சுடும், பேர திரும்ப சேத்துடலாம்னு சொன்னல்ல? காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கா. ஏரிய ஒரு சுத்து சுத்தி வரணுமாம். தனியா. நான்கூட வரக்கூடாதாம்.

ஐலி: அதுக்குத்தான் மானா?

ரெய்னோ: அதுக்குத்தான். அவதான் ஓட்டினான்னு வெளில தெரிஞ்சா ஏப்ரல் போச்சு. இன்னொரு தடவ அவகிட்ட அந்தக் காகிதத்த நீட்ட என்னால முடியாது. எனக்குத் தெம்பு இல்ல.

ஐலி: அக்காகிட்ட கேட்டீங்களா?

ரெய்னோ: கேக்கல. கேட்டா ஆமான்னுடுவா. அவளுக்குப் பொய் வராது. அப்புறம் நான் தெரியாதுன்னு சொல்ல முடியாதே. "மான் மோதின மாதிரி இருக்கே"ன்னு நானே சொல்லிட்டு, நானே வாளி எடுத்துட்டுப் போயிட்டேன்.

ஐலி: அதுக்கு அக்கா என்ன சொன்னா?

ரெய்னோ: ஒண்ணும் சொல்லல. உதட்டக் கடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. தோள் குலுங்குச்சு. அழறா போலன்னு... எனக்கு மனசே ஆறல.

ஐலி: அழுதாளா?

ரெய்னோ: பின்ன சிரிக்கவா செய்வா?

ஐலி: ...அத்தான், அக்காதான் ஓட்டினான்னு எத வச்சு முடிவு பண்ணினீங்க?

ரெய்னோ: சீட்ட வச்சு. நேத்து ஏறி உக்காரப் போறேன், முட்டி டங்குனு ஸ்டீயரிங்ல இடிச்சுது. யாரோ சீட்ட முன்னாடி இழுத்திருக்காங்க. வீட்டுல வேற யாரு இருக்கா?

ஐலி: எவ்வளவு முன்னாடி?

ரெய்னோ: முழுசா. அதுக்கு மேல போக எடமே இல்ல. கண்ணாடிலகூட பின் சீட்டுதான் தெரியுது.

ஐலி: அக்கா உங்களவிட எவ்வளவு ஒசரம்?

ரெய்னோ: மூணு விரல். கல்யாண போட்டோல என்ன படி மேல நிக்க வச்சுட்டாங்களே, மறந்துட்டியா?

ஐலி: அப்ப அக்கா ஏறினா சீட்ட எந்தப் பக்கம் தள்ளுவா?

ரெய்னோ: பின்னா... பின்னாடி... ஏய்.

ஐலி: ம்ம்.

ரெய்னோ: அப்ப அவ ஓட்டலையா?

ஐலி: ஸ்டீயரிங்கத் தொடவே இல்ல. ஏப்ரல் எங்கயும் போகல. மரம்னே எழுதறேன், க்ளெய்ம் செல்லும். தொகை ஏறும். ஏறறத நீங்க கட்ட வேண்டாம், முதல் ஆயிரமும் வேண்டாம்.

ரெய்னோ: பின்ன யாரு கட்டுவா? அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்ற நீ? ஏய் ஐலி... கீழ ஏன் பாக்கற? அந்தத் தலகாணிய எதுக்கு இழுத்து மறைக்கிற?

ஐலி: சனிக்கிழமை பிங்கோ ஆட்டத்துக்குக் கிளம்பறப்ப என் வண்டி பேட்டரி செத்துப் போச்சு. அக்கா உங்க சாவிய எடுத்து என் கையில குடுத்துட்டு, பக்கத்து சீட்டுல சமத்தா உக்காந்துக்கிட்டா. க்ரீக் ரோட்டுல மான் வந்துச்சு. "நேரா போடி, நேரா போ, நீதானே ஊருக்கெல்லாம் சொல்லுவே"ன்னு கத்தறா... நானே அத்தான்கிட்ட சொல்லிக்கறேன், நீ வாயத் தொறக்காதன்னு சத்தியம் வாங்கிட்டேன். காலைலேர்ந்து போன எடுக்கறேன், வைக்கறேன், அதுக்குள்ள நீங்களே உங்க மானக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறீங்க. சிரிக்காதீங்க, கழுத்து வலிக்குது. அது என்னையே பாத்துச்சு அத்தான்... நான் ஒடிச்சுட்டேன்.