முப்பத்தாறு இடுப்புப் பேண்ட்

— கழட்டுடி அபிநயா, சீக்கிரம்! கம்பெனி கேட்ல செக்யூரிட்டி புவனேஸ்வரியக்கா ஒவ்வொருத்தி யூனிபார்ம் கோட்டையும் தொறந்து பாக்குது.

— பெல்ட்டக் கழட்டுனா பேண்ட்டு நிக்காது வெற்றி. பெரம்பலூர் சந்தையில குவிச்சுப் போட்டு வித்த பழசு, முப்பத்தாறு இடுப்பு. எனக்கு இருபத்தெட்டு. நீதான கூட நின்னு எடுத்துக் குடுத்த?

— கையில புடிச்சிக்கிட்டு நட.

— ஒரு கையில டிபன் பாக்ஸு, ஒரு கையில பேண்ட்டா? எதுக்குடி கழட்டணும்? கடையில வாங்குன பெல்ட்டுன்னு சொல்லித்தான பொறந்த நாளைக்குக் குடுத்த?

— கத்தாத. வாங்கல. நானே தெச்சது.

— எதுல?

— கட்டிங்ல வுழற துண்டுத் தோலு. ஷூவுக்கு ஆவாதுன்னு மூட்டை கட்டித் தூக்கிப் போடறதுதான். மூணு துண்ட ஒட்டுப் போட்டேன். பக்கிளு ரிஜெக்ட் செருப்புல இருந்துச்சு. முழுத் தோல்ல நான் கை வெச்சதே இல்லடி, எங்கம்மா மேல சத்தியமா.

— அடிப்பாவி! துண்ட எடுத்தாலும் வேலைய வுட்டு அனுப்பிருவோம்னு போர்டே மாட்டிருக்காங்க. மறுபடியும் வெயில்ல பருத்தி எடுக்கப் போவ என்னால முடியாதுடி. செத்தேன் நான்.

— உனக்குக் குடுத்தது தப்புதான். ஆனா அந்தப் பேண்ட்ட மாட்டிக்கிட்டு அன்னிக்கு எப்படி அழுத நீ!

— சாக்குல காலு வுட்ட மாதிரி இருந்துச்சு, அழாம என்ன செய்யறது? நீ கொசுவம் வெக்கற மாதிரி இடுப்புல சுருக்கி, இந்தப் பெல்ட்டப் போட்டு இறுக்குன பாரு, அப்பத்தான் அது என் துணியாச்சு. அரியலூர் பஸ்ல ஒரு பொண்ணு எந்தக் கடைன்னு கேட்டா. எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா?

— வரிசை நவுருது. பேசாம திரும்பிப் போயிரலாமா?

— பின்னால சூப்பர்வைசர் சார் நிக்கறாரு. திரும்பாத.

— வாம்மா அபிநயா. கோட்டு பட்டன அவுரு.

— புவனேஸ்வரியக்கா, பஸ்ஸு போயிரும்க்கா.

— நான் சொல்லாம கம்பெனி பஸ்ஸு போவாது கண்ணு. அவுரு. ம்... பேண்ட்டு நல்லாருக்கே. பெல்ட்டு எங்க வாங்குன?

— சந்தையிலக்கா.

— சந்தையில நம்ம கம்பெனி பக்கிளு விக்கறானா?

— அக்கா, அவளுக்கு ஒன்னும் தெரியாது. நான்தான் தெச்சுக் குடுத்தேன். வெற்றிச்செல்வின்னு என் பேர எழுதிக்குங்க, அவள வுட்டுருங்க.

— ஓ, நீதானா அது? மூணு நாளா எட்டுப் பொண்ணுங்க இடுப்புல பாத்துட்டேன். ஒருத்தியும் பேரச் சொல்ல மாட்டேன்னுட்டாளுங்க.

— வெற்றி! எட்டா?

— எல்லாரும் கேட்டாளுங்கடி, பழைய துணி போடறது நீ மட்டுமா? அக்கா, கால்ல வுழறேன். இனிமே ஒரு துண்டு தொட மாட்டேன்.

— மெதுவாப் பேசு, சார் பாக்கறாரு. அபிநயா, பட்டனப் போடு. நான் ஒன்னும் பாக்கல, போ.

— நீங்க நல்லாருக்கணும்க்கா!

— வெற்றி, நீ இரு கண்ணு. என் மவ குரும்பலூர்லேர்ந்து காலேஜுக்குப் போவுது. எல்லாம் அது அத்த பொண்ணு போட்டுக் கழிச்ச சுடிதாரு. கூடப் படிக்கறதுங்க மூட்டைன்னு கூப்புடுதாம். கண்ணாடியே பாக்க மாட்டேங்குது புள்ள. எனக்கு வவுறு எரியுது. சுடிதாரு மேல கட்ட ஒன்னு தெச்சுக் குடு. இடுப்பு இருபத்தாறு இஞ்சு.

— இதான்க்கா கடைசி. கறுப்புத் துண்டு கொஞ்சம் வெச்சிருக்கேன், நாளைக்கே தரேன்.

— கறுப்பு வேணாமாம். பிரவுன் கேக்குது.

— பிரவுன்ல நகம் அளவுக்குத்தான்க்கா துண்டு வுழும். முழுத் தோலத்தான் வெட்டணும். மாட்டுனா போலீஸு வரும்க்கா.

— எப்படி மாட்டுவ? கேட்ல நான்தான கண்ணு நிக்கறேன்.