பயணத்துக்கு ஒரு கையெழுத்து

இல்லீங்க டாக்டரம்மா, காய்ச்சல் தலைவலின்னு ஒண்ணும் இல்ல. ஒரு கையெழுத்துதான். இந்தாங்க, பயண இன்சூரன்ஸ் ஃபாரம். நாலு பக்கம் இருக்கேன்னு மிரளாதீங்க, மூணு பக்கத்தை நானே நிரப்பிட்டேன். கடைசிப் பக்கம்தான் உங்களுது. இந்த அம்மா மூணு மாசம் வெளிநாட்டுல போய் இருக்கிற அளவுக்கு நல்லா இருக்காங்களா, ஆமாவா இல்லையான்னு கேட்டிருக்கான். அவ்ளோதான்.

தெரியும், ஒருத்தருக்குப் பத்து நிமிஷம்னு வெளியில எழுதிப் போட்டிருக்கு. அந்தப் பத்து நிமிஷத்துக்கு மூணு நாள் ஃபோன் போட்டேன். காலையில எட்டு மணிக்கு டாண்ணு போட்டாலும் நீங்க பதினேழாவது ஆளுன்னு சொல்லுது. எட்டடிக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பதினாறு பேரு எங்கேருந்துதான் வந்தாங்களோ.

படகுங்க. பாய் கட்டுற படகு, முப்பத்துநாலு அடி. கிரீஸ்ல ப்ரெவேஸாங்கிற ஊர்ல, ஒரு யார்டுல தண்ணியை விட்டு ஏத்தி நிறுத்தியிருக்கோம். எங்க வீட்டுக்காரரு எம்லின் வாங்கினது. இங்க மில்ஃபோர்ட் துறைமுகத்துல இழுவைப் படகுல இன்ஜின் பாத்துக்கிட்டிருந்தாரு. வயசு அம்பத்தெட்டுல ஆள் குறைப்புன்னு ஒரு தொகையைக் குடுத்து அனுப்பினாங்க. அந்தக் காசுல வாங்கிட்டு வந்து, பின்னால என் பேரை எழுதி வெச்சுட்டாரு. எயர்லிஸ். கிரீஸ்காரங்க வாயில அந்தப் பேரு நுழையவே மாட்டேங்குது.

வெளியில உக்காந்திருக்காரே, நீலத் தொப்பி, அவருதான். எழுபத்தி நாலு வயசு, ஒரு மாத்திரை கிடையாது. அவருக்கு இன்சூரன்ஸ் அஞ்சு நிமிஷத்துல ஆயிடுச்சு. எனக்குத்தான் இழுக்குது. எழுபத்தொண்ணு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, ஜனவரியில அதையும் மாத்திட்டாங்க. மாத்திரையை மாத்தினா டாக்டர் கையெழுத்து வேணுமாம்.

ஃபோன்ல ஒரு பையன் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டான். கடந்த ரெண்டு வருஷத்துல மூச்சு வாங்கிச்சான்னான். தம்பி, இந்த வயசுல மாடி ஏறினா வாங்காதான்னேன். அதை அப்படியே எழுதிக்கிட்டு முப்பது பவுண்டு ஏத்திட்டான். அப்புறம் எங்க தங்குவீங்கன்னான். படகுலன்னேன். அப்ப அது கப்பல் சுற்றுலாவான்னான். இல்லப்பா, எங்க படகுன்னேன். யாரு ஓட்டுறாங்கன்னான். எங்க வீட்டுக்காரர்னேன். அவருக்கு என்ன வயசுன்னான். சொன்னேன். கொஞ்சம் லைன்ல இருங்கன்னான். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்டேன்.

முன்னாடி இதெல்லாம் எங்கங்க இருந்துச்சு? அங்கயும் காசில்லாம வைத்தியம் பாக்க ஒரு நீல அட்டை இருக்கும், பர்ஸுல கிடக்கும். ஒரு தடவை கயிறு சுத்துற உருளையில எம்லினுக்கு விரல் மாட்டி நசுங்கிப்போச்சு. ஆஸ்பத்திரியில அட்டையைக் காட்டினோம், ஆறு தையல் போட்டு அனுப்பிட்டாங்க. ஏப்ரல்ல போவோம், அக்டோபர்ல வருவோம். எத்தனை நாளுன்னு யாரு எண்ணினா?

அப்புறம் கொரோனா. நாங்க அந்த வருஷம் சீக்கிரமே போயிருந்தோம், அடியில பெயிண்ட் அடிக்கணும்னு. ஊரடங்குன்னு யார்டு கேட்டைப் பூட்டிட்டாங்க. படகு தரையில, முட்டுக்கட்டை மேல நிக்குது. நாங்க அதுக்குள்ள. கக்கூஸ் போகணும்னா ஏணியில பதிமூணு படி இறங்கணும். இப்படி ரெண்டரை மாசம். யார்டு வெச்சிருக்கிற தனாசிஸ் நல்ல மனுஷன், கயித்துல கட்டின கூடையில ரொட்டியும் ஆலிவும் அனுப்புவாரு. மே மாசம் இன்சூரன்ஸ் முடிஞ்சிருச்சு. புதுப்பிக்கக் கேட்டா, பயணம் வீட்டுலேருந்துதான் தொடங்கணும், நீங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்கங்கறான். விமானமே இல்லாத நேரத்துல, வீட்டுக்குப் போயிட்டு வாங்களாம்.

ஆமா, கஷ்டந்தான். எங்க அக்கா மென்னா அப்பதான் போனா. கார்மார்தன் ஆஸ்பத்திரியில. அடக்கத்தை நான் ஃபோன்ல பாத்தேன். பத்து பேருக்கு மேல நிக்கக் கூடாதுன்னு எட்டு பேரு நின்னாங்க. நடுவுல படம் நின்னுபோச்சு. மறுபடி வர்றதுக்குள்ள மண்ணு போட்டு முடிச்சிருந்தாங்க. எம்லின் என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு, பாவம். வேற என்ன பண்ணுவாரு?

அதை விடுங்க.

அது ஒரு மாதிரி ஓய்ஞ்சா, பிரெக்ஸிட் வந்து உக்காந்துக்கிச்சு. நூத்தி எண்பது நாள்ல தொண்ணூறு நாள்தான் இருக்கலாம். தொண்ணூத்தோராவது நாள் இருந்தா குத்தம். பாஸ்போர்ட்டுல முத்திரை குத்தி, அதை விரலால எண்ணிப் பாக்கறாங்க. நீல அட்டை போய் வேற அட்டை வந்திருக்கு. அது வைத்தியத்துக்கு ஆகும், ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கறதுக்கு ஆகாது. அதுக்கு இன்சூரன்ஸ் வேணும். இன்சூரன்ஸுக்கு வயசு கம்மியா இருக்கணும். நம்ம கையிலயா இருக்கு?

இத்தனையும் பாத்தது நான்தாங்க. பள்ளிக்கூடத்துல முந்நூறு பிள்ளைங்களுக்குச் சமைச்சவ, கணக்கு வழக்கு எனக்கு வரும். அவருக்கு ஃபாரத்தைப் பாத்தாலே கண்ணு கட்டும். எந்தக் கம்பெனி எழுபதுக்கு மேல எடுப்பான், எவன் படகுன்னா ஃபோனை வெச்சுருவான், எல்லாம் எனக்கு அத்துப்படி. நீ இல்லேன்னா இந்தப் படகு இல்ல எயர்லிஸ்ம்பாரு. யார்டுல மத்த படகுக்காரங்களே என்னைத்தான் வந்து கேப்பாங்க.

நோரீன் மட்டும் கேக்கல. கேட்டிருக்கலாம்.

யாருன்னா, பக்கத்துப் படகு. ஹல் ஊருக்காரங்க. நோரீன், அவ புருஷன் கிளிஃபர்ட். அவரு எம்லின் மாதிரிதான், காத்து அடிச்சா சாப்பாடு வேணாம். போன செப்டம்பர்ல ரெண்டு படகும் ஒரு வளைகுடாவுல நங்கூரம் போட்டிருந்தோம். காலையில பத்து மணி இருக்கும். நோரீன் எங்க பக்கம் பாத்து ஒரு துண்டை ஆட்டிக்கிட்டே நிக்கறா. வணக்கம் சொல்றான்னு நினைச்சு நானும் கையாட்டினேங்க. நல்லா சிரிச்சுக்கிட்டே ஆட்டினேன். கொஞ்சம் கழிச்சுத்தான் எம்லின், அவ ஆட்டுறது சரியில்லியேன்னாரு.

கிளிஃபர்டுக்குப் பக்கவாதம். கரைக்குக் கொண்டுவந்து, ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. நல்லாத்தான் பாத்தாங்க. குறை சொல்ல மாட்டேன். ஆனா குளிப்பாட்டுறது, ஊட்டுறது, திருப்பிப் படுக்க வைக்கிறதெல்லாம் வீட்டு மனுஷங்கதான் செய்யணும் அங்க. பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு குடுப்பாங்க. நோரீனுக்கு கிரேக்க மொழியில நன்றிங்கற ஒரு வார்த்தைதான் தெரியும். அதையே சொல்லிக்கிட்டிருப்பா, ஊசி போட்டாலும் நன்றி, நாற்காலியை நகத்தச் சொன்னாலும் நன்றி.

இன்சூரன்ஸ் இருந்துச்சுங்க. வருஷம் பூரா செல்லும்னு காசு கட்டி வெச்சிருந்தாரு கிளிஃபர்ட். ஆனா ஒரு பயணத்துக்கு முப்பத்தோரு நாள்தான்னு உள்ள எங்கயோ எழுதியிருக்கு. அவரு விழுந்தது முப்பத்தெட்டாவது நாள். நான்தான் அவங்க காகிதத்தை வாங்கிப் படிச்சேன். படிச்சிட்டு அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஆஸ்பத்திரி வாசல்ல அரை மணி நேரம் நின்னேன். நர்ஸை வெச்சு விமானத்துல ஊருக்குக் கொண்டுபோக அவங்க படகை வித்தாலும் பத்தாது.

பதினோரு நாள். அவளும் நானும் மாத்தி மாத்தி உக்காந்தோம். நடுவுல, ஏப்ரல் மே மாசத்துல வந்துட்டுப் போன நாளையும் சேத்து எண்ணினா, அவளோட தொண்ணூறு நாள் வேற முடியப்போகுது. இன்னும் கொஞ்ச நாள் இருக்க விடுங்கன்னு ஒரு ஆபீஸ்ல போய் நிக்கணும், புருஷன் படுக்கையில கிடக்கறான்னு காகிதம் காட்டணும். எம்லின்தான் கூடப் போனாரு. காகிதத்தை வாங்கிட்டு வந்தாங்க, கிளிஃபர்ட் இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு நான்தான் அவளை விமானத்துல ஏத்திவிடப் போனேன். காப்பி வாங்கிக் குடுத்தேன், குடிக்கல. அழவும் இல்ல. சும்மா, மழை வரும் போலயேன்னு சொல்ற மாதிரி சொன்னா. எயர்லிஸ், எனக்கு அந்தப் படகு ஒரு நாளும் பிடிச்சதில்லன்னா. பதினஞ்சு வருஷம், அவருக்குப் பிடிக்குதேன்னு போனேன்னா. அதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க, போயிட்டா.

கையா? இந்தாங்க. ஸ்வெட்டரைக் கழட்டணுமா, சுருட்டினா போதுமா? சரி. பேசலைங்க.

எவ்ளோ?

நூத்தி முப்பதா? போன தடவை நூத்தி அறுபத்தஞ்சு இருந்துச்சே. நல்லா பாத்தீங்களா? புது மாத்திரை கேக்குதா... அப்படியா. சந்தோஷந்தான். இன்னொரு தடவை பாக்கறீங்களா? இந்தக் கையில வேணும்னா பாருங்க. சில பேருக்கு ரெண்டு கைக்கும் வித்தியாசம் இருக்கும்னு சொல்றாங்க.

இதுலயும் அதேதானா.

இருங்க டாக்டரம்மா, பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க. ஆமான்னு போட்டுறாதீங்க. இல்லன்னு போட்டுக் குடுங்க. போகக் கூடாதுன்னு.

எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நல்லா சாப்பிடறேன், நல்லா தூங்கறேன். ஏதாவது ஒரு வியாதி பேரை நீங்களே எழுதிருங்க. அந்தக் கம்பெனிக்காரனைத் தவிர வேற யாரு படிக்கப் போறா?

அவர்கிட்டயா? சொல்லலாம். அவரு கத்துற ஆளு இல்லீங்க. கத்தினா எப்பவோ சொல்லியிருப்பேன். சரி எயர்லிஸ், வேணாம்னா வேணாம்பாரு. ஒரே வார்த்தை. படகை வித்துருவாரு. அப்புறம் காலையில எந்திரிச்சு சமையல்கட்டு ஜன்னல்கிட்ட நின்னு, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. டீ ஆறிப்போகும். அதை நான் தினமும் பாக்கணுமே. டாக்டர் வேணாம்னுட்டாங்கன்னா அது யாரு மேலயும் வராது. அவரும் என்னைப் பாவம்னு நினைப்பாரு, நானும் வருத்தமா இருக்கிற மாதிரி இருந்துக்குவேன்.

பொய்தான். படகு பிடிச்சிருக்குன்னு பதினாறு வருஷமா சொல்றேன், இன்னும் ஒண்ணு.

ம்... புரியுது. நீங்க எழுத முடியாது. உங்க வேலை அப்படி. எனக்கே தெரியும், இருந்தாலும் கேட்டுப் பாத்தேன். குடுங்க ஃபாரத்தை. இல்ல, கிழிக்க மாட்டேன், சும்மா வெச்சுக்கறேன்.

இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு எனக்கு? நாலா? அப்ப ஒண்ணு பண்றீங்களா, நீங்க இங்கயே உக்காந்திருங்க. எதுவும் பேச வேணாம். வேத்தாளு ஒருத்தங்க பக்கத்துல இருந்தா நான் பேச்சை மாத்த மாட்டேன். வீட்டுல சொல்லப் போனா, அதுக்குள்ள சாப்பிட என்ன வேணும்னு கேட்டுருவேன்.

வேணாம், நீங்க எந்திரிக்காதீங்க. நானே கூப்பிடறேன். அவருக்குக் கொஞ்சம் காது மந்தம், என் குரல்னாதான் திரும்புவாரு.

எம்லின்! இப்படி உள்ள வாங்க. இல்ல, இன்னும் கையெழுத்து ஆகல. எனக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. உக்காருங்க. நான்தான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.