ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாத வார்த்தை

ராத்திரி ஒரு மணி. விஜயபுரத்திலிருந்து நகரி போகிற ரோடு. ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் வேர்க்கடலை... மனுஷ நடமாட்டம் இல்லை, நாய்கூட இல்லை. அந்த இருட்டில் ஒரே ஒரு டியூப்லைட் எரியும். அதுதான் சின்ன ஆஸ்பத்திரி.

சாய்குமார், அந்த போனை அணைத்துவிட்டு உட்கார். கேட்கிறதானால் ஒழுங்காகக் கேள். மற்றவர்களும் கிட்டே வாருங்கள், என்னால் குரலை உயர்த்த முடியாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இங்கே மருந்துக் கவுண்டரில் இருக்கிறாளே நளினி, என் சிநேகிதி, அவளுடைய அத்தை மகள் சுஜிதாவுக்கு நடந்தது இது. சுஜிதா நர்ஸ். நாம் எல்லாரும் பேஷன்ட்டைச் சேர்த்துவிட்டு வராந்தாவில் பாய் போட்டிருக்கிற இந்தச் சித்தூர் ஆஸ்பத்திரிதான் இதை நடத்துகிற தர்ம டிரஸ்டுக்குப் பெரியது. மற்றதெல்லாம் ஊர்ப்பக்கம் சின்னச் சின்னதாக இருக்கும். பத்துப் படுக்கை, வாசலில் ஒரு வேப்பமரம். இருக்கிறவன் கொடுப்பான், இல்லாதவன் கும்பிட்டுவிட்டுப் போவான். டாக்டர் பகலில் வருவார். முதலில் சொன்னேனே, அந்த நகரி ரோட்டு ஆஸ்பத்திரியில் ராத்திரிக்கு சுஜிதாவும் கங்கையா என்கிற வாட்ச்மேனும் மட்டும்தான்.

அங்கே டைபாய்டு காய்ச்சலோடு ஒரு குழந்தை வந்து சேர்ந்தது. அலர்மேல்மங்கை. ஆறு வயது, ஆளைவிடப் பெயர் நீளம். மங்கை என்று கூப்பிடுவார்கள். அப்பா நாகேந்திரனுக்குக் கொஞ்சம் கடலை நிலம். அம்மா சந்திரம்மா திருமலைக்கு வருஷா வருஷம் நடந்து பெற்ற ஒரே பிள்ளை அது.

காய்ச்சல் இறங்கியதும் அது செய்த அட்டகாசம் இருக்கிறதே! குளுக்கோஸ் மாட்டுகிற ஸ்டாண்டின் அடியில் ஏறி நின்று, வராந்தா முழுக்கத் தள்ளிக்கொண்டு போகும். ஒரு சக்கரம் எண்ணெய் காணாதது. கிறீச்... கிறீச்... என்று கத்திக்கொண்டே வரும். சுஜிதாவின் மேஜைக்கு முன்னால்தான் நிற்கும்.

"சிஸ்டரக்கா, வந்துட்டேன்" என்று சொல்லும்.

சுஜிதாவுக்கு அந்தப் பிள்ளை மேல் உயிர். டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அதற்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருப்பாளாம்.

நம் வீட்டில் யாராவது 'போறேன்' என்று சொல்லி வாசல் தாண்டினால் விடுவோமா? 'போய்ட்டு வரேன்' என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவோம். ஆஸ்பத்திரியில் இது தலைகீழ். இங்கிருந்து போகிறவன் 'வரேன்' என்றால், மறுபடியும் நோயோடு வருகிறேன் என்று அர்த்தம். அதனால் சுஜிதா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டுக்குப் போகிற அன்று 'போறேன்' என்று மட்டும் சொல்ல வேண்டும். மங்கையும் பாடம் மாதிரி பழகியது. பாத்ரூமுக்குப் போனாலும் 'போறேன்' என்று கத்திவிட்டுத்தான் போகும். வார்டே சிரிக்கும்.

டிஸ்சார்ஜ் அன்றைக்குப் புதுக் கவுன். அந்தச் சந்தோஷத்தில் பாடம் மறந்துவிட்டது. கேட் வரைக்கும் போய்த் திரும்பி நின்று கையை ஆட்டியது.

"சிஸ்டரக்கா, போய்ட்டு வரேன்!"

கங்கையா நாக்கைக் கடித்துக்கொண்டான். சுஜிதா திருத்தியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு வரவில்லை. "வா கண்ணு" என்றாள்.

வீட்டுக்குப் போன பிறகுதான் பிள்ளைக்கு நினைவு வந்திருக்கிறது. அக்கா சொல்லித் தந்ததை மறந்துவிட்டேனே என்று ஒரே அழுகை. இனிமேல் மறக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டது போலிருக்கிறது, பாவம்.

கடலை பிடுங்குகிற நேரம். நாகேந்திரன் களத்தில் காவல். ஒருநாள் பொழுது சாயும்போது அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு மங்கை கிளம்பியது. "போறேம்மா" என்றது. சந்திரம்மா வாசலுக்கே ஓடி வந்தாள். வரேன்னு சொல்லுடி என்று அதட்டினாள்.

"போறேன்னுதான் சொல்லணும். சிஸ்டரக்கா சொல்லிச்சு."

சொல்லிவிட்டு ஓடிவிட்டது.

களத்தில் குவித்திருந்த கடலைச் செடிக்குள்ளே பூச்சி இருந்திருக்கிறது. ராத்திரியில் அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், நீங்களே புரிந்துகொள்ளுங்கள். பிள்ளை காலில் ஏதோ குத்தியது என்றது. முள்ளாக இருக்கும் என்று அப்பன் விட்டுவிட்டான். அங்கேயே அவன் பக்கத்தில் படுத்துத் தூங்கியது. நடு ராத்திரியில் தண்ணீர் கொடுக்க எழுப்பினால்... கண்ணைத் திறக்க முடியவில்லை.

அதே ரோடுதான். நாகேந்திரன் பைக் ஓட்டுகிறான், பின்னால் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்ட சந்திரம்மா, மடியில் பிள்ளை. பைக் சத்தம் கேட்டதும் சுஜிதா ஓடிப்போய்க் கையில் வாங்கினாள். உடம்பு சூடாகத்தான் இருந்தது. கையெல்லாம் பச்சைக் கடலையும் ஈர மண்ணும் கலந்த வாசனை. நாடி இல்லை. ஆனாலும் அவள் விடவில்லை. டாக்டர் வந்து அவள் கையைப் பிடித்து விலக்குகிற வரைக்கும் பிள்ளையின் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தாளாம்.

காரியமெல்லாம் முடிந்தது. ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. சுஜிதா மேஜையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். முதலில் வாசனை வந்தது. டெட்டால் வாசனையைத் தாண்டி... ஈர மண், பச்சைக் கடலை. அப்புறம் வராந்தாக் கோடியில் ஒரு சத்தம்.

கிறீச்... கிறீச்...

அந்த ஸ்டாண்டை அவளே ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டியிருந்தாள். சாவி இடுப்பில் இருந்தது. சத்தம் மெதுவாகக் கிட்டே வந்து மேஜைக்கு முன்னால் நின்றது.

"சிஸ்டரக்கா, வந்துட்டேன்."

நீயும் நானுமாக இருந்தால் அலறிக்கொண்டு ஓடியிருப்போம். சுஜிதா மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அது முதல் அவளுக்கு ராத்திரி டூட்டி வந்தால் அதுவும் வந்துவிடும்.

கங்கையாவுக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. அவன் வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் சொல்லி, அது ஊரெல்லாம் பரவி, சந்திரம்மா ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"என் வூட்ல ஒரு சத்தம் இல்ல சிஸ்டரு. உங்களாண்ட மட்டும் வர்றாளாமே... எங்க நிக்கினு கீறா? எனக்கு காட்டுங்க."

வராந்தாவில் பாயை விரித்துப் பாதியில் படுத்தாள். மீதிப் பாதி பிள்ளைக்கு. சத்தம் வந்தது. அவள் கால்மாட்டைத் தாண்டித்தான் போனது. வார்டில் படுத்திருந்தவர்கள்கூடப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். பெற்றவளுக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. வந்துட்டாளா, வந்துட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தினமும் இதே கதை. சுஜிதாவால் தாங்க முடியவில்லை. ஒரு ராத்திரி, மேஜைக்கு முன்னால் இருந்த அந்த வெறும் இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"கண்ணு, அம்மா உனக்காக வந்து படுத்துக்கினு கீறாங்க பாரு. அம்மாகிட்ட போடா."

கிறீச்... சக்கரம் திரும்பியது. மெதுவாகப் பாய்ப் பக்கம் போனது. சந்திரம்மாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு, திட்டு வாங்கப் பயந்த பிள்ளையின் குரல்...

"அம்மாகிட்ட 'வரேன்'னு சொல்லலியேக்கா, 'போறேன்'னு சொல்லிட்டனே... நீதான சொல்லிக் குடுத்த."

சுஜிதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்திரம்மா தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்தாள்.

"என்னா சொல்றா? என் கொழந்தை என்னா சொல்றா?"

அந்த இடத்தில் யார்தான் உண்மையைச் சொல்வார்கள்? உங்களைத்தான் 'அம்மா, அம்மா'ன்னு கூப்பிடுகிறாள் என்று சுஜிதா சொல்லிவிட்டாள்.

அன்றையிலிருந்து சந்திரம்மா வீட்டுக்குப் போகவில்லை. நாகேந்திரன் எத்தனையோ தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்தான். கடைசியில் டிரஸ்டில் சுஜிதாவை இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மாடியில் குழந்தைகள் வார்டில் ராத்திரி டூட்டி பார்க்கிறாளே, அவள்தான்.

சட்டென்று திரும்பாதீர்கள். மெதுவாகப் பாருங்கள். படிக்கட்டு ஓரத்தில் பாதிப் பாயில் படுத்திருக்கிறாளே ஓர் அம்மா, அவளுக்கு இந்த ஆஸ்பத்திரியில் பேஷன்ட் யாரும் இல்லை. சுஜிதா சொன்ன பொய் அவள் காதில் பொய்யாக விழக் கூடாது. அதற்குத்தான் இவ்வளவு நேரம் தொண்டையை அடக்கிக்கொண்டு பேசினேன்.

மணி ஒன்றாகப் போகிறது. அதோ, எழுந்து உட்கார்ந்து மீதிப் பாதிப் பாயைத் தட்டிவிடுகிறாள் பாருங்கள். சாய்குமார், ஏன் என் கையை இப்படிப் பிடிக்கிறாய்... மாடியில் சக்கரச் சத்தமா? கேட்கும். நம் எல்லோருக்கும் கேட்கும்.

அவளுக்குத்தான் கேட்காது.