முப்பத்திரண்டாவது வரி

ரவுட்டரின் நினைவகம் நிறைந்துபோகும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது ஐயா. வைஃபை வருகிறதா, சரி. அதற்கு மேல் அந்தப் பெட்டியை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அமைப்புகளைச் சேமித்து வைக்க அதற்குள் இருப்பது கையகல இடம். அது நிறைந்துவிட்டால், புதிதாக எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு மறந்துவிடும். பழைய வரிகளை அழியுங்கள், சேமியுங்கள், ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று தினமும் பத்துப் பேருக்குப் போனில் சொல்கிறேன். பதினான்கு வருடங்களாக அரைத்த மாவையே அரைக்கிறேன். அதுதான் என் பிழைப்பு.

வீட்டிலிருந்தே வேலை. முன்னறையில் மேஜை, காதில் ஹெட்போன். அடுத்த அறையில் அக்கா. ஆறு வருடங்களாக அவளுக்குக் கழுத்துக்குக் கீழே வலது கட்டை விரலைத் தவிர எதுவும் அசையாது. மூச்சுக்கு ஓர் இயந்திரம், முகத்தில் மாஸ்க். அவள் பேச்சு மாஸ்க்கைத் தாண்டி வராது. அதனால் அந்த விரலுக்கு அடியில் ஓர் அழைப்பு மணி வைத்தேன். அழுத்தினால் வைஃபை வழியாக என் போன் அடிக்கும். நர்ஸ் காலை பத்து மணிக்குப் போய்விட்டால், பொழுது சாயும்வரை நானும் அந்த மணியும்தான்.

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியவள். எனக்காகத்தான் கல்யாணமே வேண்டாமென்றாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். மணி ஒரு நாளைக்கு நாற்பது தடவை அடிக்கும். மூக்கில் ஈ. தலையணை மேடு. வெளியே மழையா. ஒருநாள் விழுந்தடித்துக்கொண்டு ஓடி, மாஸ்க்கை லேசாக விலக்கிக் காதைக் கொடுத்தேன்.

"ஒண்ணுமில்லடா. நீ இருக்கியான்னு பாத்தேன்" என்றாள்.

சிரித்தேன். நிஜமாகவே சிரிப்பு வந்தது. அன்றைக்கு மட்டும் அப்படி ஒன்பது தடவை பார்த்தாள்.

தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு ஐயா அது. உங்களுக்கும் இருக்கும் போலிருக்கிறது, கண்ணைப் பார்த்தால் தெரிகிறது.

புதன்கிழமை மத்தியானம், அலுவலகத்தில் அனுப்பிய புதுப் போனை வைஃபையில் சேர்க்க உட்கார்ந்தேன். எங்கள் வீட்டு ரவுட்டர், பட்டியலில் இருப்பவற்றை மட்டும்தான் உள்ளே விடும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓசியில் புகுந்து மணிக்கு இடைஞ்சல் செய்யக் கூடாதென்று நான்தான் அப்படி வைத்தேன். பட்டியலில் முப்பத்திரண்டு வரிகளுக்கு மேல் கொள்ளாது. எல்லாம் நிறைந்திருந்தன. வரிகளில் பெயர் இருக்காது, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீள முகவரிதான் இருக்கும். கடைசி வரியை அழித்தேன். அது மணியுடையது.

கைத்தவறு என்று முதல் நாள் விசாரணையில் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். யாருக்கும் வரக்கூடிய தவறுதான், என்னிடம் பேசுகிறவர்கள் தினமும் செய்வதுதான். ஆனால் அந்த முப்பத்திரண்டும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அவற்றில் இருபது வரி வெறும் குப்பை. உடைந்துபோன பிரிண்டர், எப்போதோ வந்துபோன விருந்தாளிகளின் போன்கள். புதுப் போனை நான் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை. ஒட்டியிருந்த டேப் அப்படியே இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒரே ஒரு மத்தியானம் போன் அடிக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். சாயங்காலம் திரும்பச் சேர்த்துவிடலாம் என்றும் நினைத்தேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு ஓர் அம்மா கூப்பிட்டார். அவர் ரவுட்டரிலும் இடமில்லை. நாற்பது நிமிடம் பேசினேன். அந்தப் பதிவை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

"அவசரமே இல்லம்மா. ஒவ்வொரு வரியா பாருங்க. எது வேண்டாமோ அதை மட்டும் எடுங்க."

இவ்வளவு பொறுமையான ஆளா என்று உங்கள் உதவியாளர் ஆச்சரியப்பட்டாராம். அந்த நாற்பது நிமிடத்துக்குள்தான் மாஸ்க் நழுவியது.

நேற்று உங்கள் ஆட்கள் அந்த வரியைத் திரும்பச் சேர்த்ததும், என் போனில் அழைப்புகள் மொத்தமாக வந்து விழுந்தன. அனுப்ப முடியாதவற்றை மணி தனக்குள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. பதினேழு என்று எழுதிக்கொண்டீர்கள். நான் அழுதேன். இத்தனை தடவை கூப்பிட்டும் தெரியாமல் போய்விட்டதே என்று அழுகிறேன் என நினைத்து, தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்டினீர்கள். உங்கள் நல்ல மனசுக்காகத்தான் இன்று இதைச் சொல்கிறேன்.

அந்தப் பதினேழைத் திருத்திக்கொள்ளுங்கள் ஐயா. இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள கதவை நான் சாத்துவதே இல்லை. என் நாற்காலியிலிருந்து அவள் வலது கை நேராகத் தெரியும். பத்தொன்பது தடவை. கடைசி இரண்டில் விரல் அசைந்தது, பொத்தானை அமுக்கத்தான் அதில் பலமில்லை.