உடம்புச் சூடு ஆறுமுன்

— சத்தம் போடாத நைனா. கொட்டகைக்குள்ள கேக்கும்.

— கேக்கட்டும்டா துரைக்கண்ணு. மூச்சு ஓடிகினு கீற மனுசனோட குடலுக்கு வெல பேச வந்திருக்க. அது அவனுக்கும் தெரியட்டும்.

— அவனுக்கு நெனவு தப்பிப்போச்சு. நாடியே கெடைக்கல. இன்னும் கொஞ்ச நேரம்தான். போனதும் குழிக்குத் தூக்கப்போறவன் நீ. தூக்கறதுக்கு முன்னாடி என்ன உள்ள விடு. ஒரு சாண் குடல். வேற ஒண்ணும் கேக்கல.

— ஆடிக் கிருத்திகைக்குக் காலரா ஊசி போட வந்த கூட்டத்துல எம்மவன் கீறான், பட்டணத்துல ஆராய்ச்சி பண்றவன்னு கொளத்துப் படியெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன். தோ பாரு, இன்னா ஆராய்ச்சின்னு இப்பதான் தெரியுது.

— ஊசி போடற வேலைய நானே கேட்டு வாங்கிகினு வந்தேன். இதுக்காகத்தான் வந்தேன்.

— பீயும் பொணமும் எங்க தாத்தன் பார்த்த வேலை. அதுக்குப் போயி இங்கிலீஷ் படிச்சியா? அரக்கோணத்துல பாதிரியார் ஆஸ்டல்ல உன்ன எதுக்கு விட்டேன்? இந்தத் தூக்கற வேலை என்னோட ஒழியட்டும்னு.

— நான் பண்றது வேற நைனா. அதுக்குப் பேரே வேற.

— பேரு வேறதான். நாத்தம் ஒண்ணு.

— சரி, நாத்தம் ஒண்ணுதான். காலராவுல செத்தவங்கள இதுவரைக்கும் எத்தன பேரத் தூக்கியிருப்ப?

— எண்ணிகினு இருந்தா தூக்க முடியாதுடா.

— அந்த எண்ணிக்கைய நிறுத்தத்தான் நான் கேக்கறேன்.

— ஏன், பட்டணத்துல சாவே கெடையாதா? அங்க போயி அறு.

— அங்க சாவுக்குக் கொறையில்ல. பொணம் எங்க மேசைக்கு வர்றதுக்குள்ள மறுநாள் ஆயிடும். இந்த வெயில்ல குடலோட உள்தோலு தானா உரிஞ்சு, நைஞ்சு போயிடும். அதப் பார்த்துட்டு, கிருமிதான் உரிச்சுதுன்னு பெரியவங்க எழுதி வெச்சுட்டாங்க. நான் இல்லன்றேன். உடம்பு சூடு ஆறுமுன்ன எடுத்துப் பார்த்தா, தோலு முழுசா இருக்கும். அதக் காட்டணும்.

— காட்டாட்டி இன்னா? உன் சம்பளத்த நிறுத்திடுவாங்களா?

— வேலைய மாத்திடுவாங்க. கிருமிய முயலுக்குக் குடுத்துப் பார்த்தேன், ஆட்டுக்குக் குடுத்தேன், எலிக்குக் குடுத்தேன். எதுக்கும் இந்தச் சீக்கு வரல. யுத்தம் நடக்குது, பட்டாளத்துக்கு மலேரியாதான் கஷ்டம், நீயும் மலேரியாவுக்குப் போன்னு மேல இருக்கிறவர் சொல்லிட்டாரு. வெறுங்கையோட திரும்பினேன்னா இத்தன வருசம் நான் பார்த்ததெல்லாம் குப்பைக்கு.

— அதுக்கு இந்தப் பாவி கெடைச்சானா?

— இவனுக்கு ஆள் இல்ல நைனா. கூட வந்த பள்ளிப்பட்டு ஆளுங்க காவடிய வேப்பமரத்துல சாத்திட்டு ஓடிட்டாங்க. நாளைக்கு வந்து கேக்க யாரும் இல்ல.

— கேக்க ஆளில்லன்னா அறுக்கலாம். அப்போ நம்ம சேரியில எவன் செத்தாலும் அறுக்கலாம்னு சொல்லு.

— நான் அப்டிச் சொல்லல.

— சொல்லாம இன்னா? நீ முள்ளு மேல நிக்கறாப்பல நின்னுகினு, நிமிசத்துக்கு ஒரு தரம் கொட்டகையத் திரும்பிப் பாக்கறியே. எப்போ சாவான், எப்போ சாவான்னு.

— நேரம் போயிட்டா பிரயோசனமில்ல, அதான்.

— சரி, அந்தத் தோலுல அப்டி இன்னாதான்டா கீது? படிக்காதவனுக்குப் புரியறாப்பல சொல்லு.

— நாம குடிக்கற தண்ணிய அந்தத் தோலுதான் உறிஞ்சி உடம்புக்குக் குடுக்குது. கிருமி வந்து அதும்மேல ஒக்காந்ததும் எல்லாம் தலைகீழாப் போயிடுது. உடம்புல இருக்கிற தண்ணிய அதே தோலு குடல்ல கொட்டுது.

— ஏத்தத்துல நிக்கற ஆள வெரட்டிட்டு, வந்தவன் ஏறி எறைக்கறான்றியா?

— வெரட்டல. அதே ஆள மிரட்டி எறைக்க வெக்கறான்னு நெனைக்கறேன். ஆளு சாகல, காயம்கூட இல்ல. எப்டி மிரட்டறான்? என் கேள்வியே அதுதான் நைனா. ஆளு முழுசா நிக்கறான்னு மொதல்ல காட்டணும்.

— அப்போ மனுசனக் கொல்றது எது?

— தண்ணி போறதுதான். ரத்தம் கூழாயிடுது. கண்ணு குழி விழுந்து, கை வெரலெல்லாம் சுருங்கி…

— அத எங்கிட்ட சொல்றியா? தெனம் பாக்கறேன். ஆனா பேதிக்காரனுக்குத் தண்ணி காட்டக் கூடாதும்பாங்களேடா. உள்ள ஊத்த ஊத்த இன்னும் போவும்னு. இவன் காலையில தெலுங்குல நீள்ளு, நீள்ளுன்னு கத்தினான். ஈரத்துணியில உதட்டத் தொடச்சேன். அவ்ளோதான்.

— எல்லா ஊர்லயும் அதான் வழக்கம்.

— வழக்கத்த உட்ரா. குடுத்திருக்கணுமா, கூடாதா?

— குடுத்திருக்கணும்.

— ஐயோ. சரி, தோ குடுக்கறேன். சொம்பு அங்கதான் கீது.

— இப்போ முடியாது. பொரையேறி சாவான், மூச்சுக்குழலுக்குள்ள போயிடும். நெனவு இல்லாதவனுக்கு வாயில ஊத்தக் கூடாது.

— அப்போ வழியே இல்லியா?

— கை நரம்புல ஏத்தணும். காய்ச்சி வடிச்ச தண்ணியில அளவா உப்பு போட்டு ஏத்துவாங்க.

— ஏத்தினா?

— சில பேருக்கு நாடி திரும்பும். செத்தான்னு துணி மூடினவன் எழுந்து ஒக்காந்து பீடி கேட்டத நானே பார்த்திருக்கேன்.

— அந்தத் தண்ணி எங்க கெடைக்கும்? வேலூரா, சித்தூரா? எவன் வண்டியாவது புடிச்சிகினு போறேன். நீ வாயத் தொறந்து சொல்லு.

— அவ்ளோ தூரம் போவ வேணாம் நைனா.

— பின்ன?

— என் பெட்டியிலயே நாலு சீசா இருக்குது. அறுத்த குடலக் கழுவறதுக்கு எடுத்தாந்தேன்.