சட்டை போட்ட ஸ்ப்ரே கேன்

ஹலோ... ஏனுங்க, எங்க இருக்கறீங்க?... ஊட்லயா? இன்னுமா?... என்ன, பீரோ கதவுக்கு ஸ்ப்ரே அடிச்சுட்டு இருக்கறீங்களா? நல்லதுங்க. ரொம்ப நல்லதுங்க. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு தையல் யூனிட்டுல ஓனர் இருக்கோணும்னு சட்டமா என்ன? பீரோ கீச்சுங்கறதுதான முக்கியம்...

இல்லீங்க, கோவமெல்லாம் இல்லீங்க. சிரிச்சுட்டேதான் பேசறேன். இங்க முப்பத்தி ரெண்டு வெள்ளை பனியன்ல வட்ட வட்டமா எண்ணெய் நிக்குது, அதைப் பாத்துத்தான் சிரிக்கறேன்... ஆமா. ஆமாங்க. குழந்தைங்க பனியன்தான். இன்னைக்குப் பாக்கப் போற அதே சரக்கு லாட்டுதான்...

எனக்கென்னங்க தெரியும்? செக்கிங் டேபிள்ல ரோஸ்மேரி எப்பவும் போல, அழுக்குப் பட்ட பீஸையெல்லாம் வரிசையாப் பரப்பி, கறை எடுக்கற ஸ்ப்ரே அடிச்சிருக்குது. காயட்டும்னு டீ குடிக்கப் போயிருக்குது. அது வெள்ளைப் பொடியாக் காஞ்சு, பிரஷ்ல தட்டினா உதுந்துருமில்லீங்க? இன்னைக்குக் காயவே இல்ல. கடுகு அளவு இருந்த கறை, இப்பத் தோசை அளவு நிக்குது... அதைத் திட்டாதீங்க. ஏற்கெனவே அழுதுட்டு உக்காந்திருக்குது...

என்னங்க சத்தம் அது?... பீரோவா? இத்தனை அடிச்சும் கீச்சுங்குதா?... கேன் மோசமா? உங்க ஸ்ப்ரேவையா குறை சொல்றீங்க? எனக்குத்தான் காது சரியில்லையோ என்னமோ! உலகத்துல எல்லாத்துக்கும் அதுதான மருந்து? போன்ல அந்த ஸ்ப்ரே வீடியோவப் பாத்த நாள்ல இருந்து நானும் பாக்கறேன். டம்ளர்ல ஸ்டிக்கர் உரிக்க அடிச்சீங்க, சரி. மோனிஷா முடியில ஒட்டுன சூயிங்கத்துக்கு அடிச்சீங்க. சூயிங்கம் வந்துருச்சு, புள்ளைக்கு ஸ்கூல்ல நாலு நாள் தனி பெஞ்சு. என்ற தம்பி விரல்ல சிக்குன மோதிரத்துக்கு அடிச்சீங்க. அது வழுக்கிட்டு நேராச் சாக்கடைக்குப் போச்சு. எறும்பு வருதுன்னு சக்கரை டப்பா மூடிக்கு அடிச்சீங்க. எறும்பு வரல. அதுக்கப்பறம் காப்பி குடிக்க விருந்தாளியும் வரல... இருங்க, நான் முடிச்சுக்கறேன். போன வாரம் முட்டிவலிக்கு அடிச்சுக்கிட்டீங்களே, அதை நான் பாக்கலைன்னு நெனச்சீங்களா? அடுத்தது என்னங்க மாமா, மூக்கடைப்புக்கா?

என்னது?... திருப்பிச் சொல்லுங்க... பீரோ கீல்ல வெள்ளையாப் பூத்திருக்குதா?... பொடி மாதிரியா?... தொட்டா உதுருதா?...

மாமா. கையில இருக்கற கேனோட கவரைக் கழட்டுங்க... ஆமா, நீங்களே தெச்ச அந்த பனியன் துணி கவரைத்தான். செக்கிங் டேபிள் கேன் கையில வழுக்குதுன்னு ரோஸ்மேரி அதுக்கு ஒரு கவர் தெச்சுப் போட்டுச்சு. அதைப் பாத்துட்டு உங்க செல்ல எண்ணெய்க் கேனுக்கும் அதே வெள்ளைத் துணியில சட்டை போட்டீங்க... கழட்டிட்டீங்களா? என்ன எழுதியிருக்குது?... சத்தமாப் படிங்க... ஆங். கறை எடுக்கறது. காலையில இங்க வந்தப்ப டேபிள்ல இருந்து நீங்க எடுத்துட்டுப் போனது அதுதான். இங்க விட்டுட்டுப் போனது உங்க எண்ணெய். கட்டிங்ல துண்டுத் துணி மிஞ்சுனா போதும், இந்த ஊர்ல எதுக்காச்சும் சட்டை தெச்சுப் போடாம தூக்கம் வராது!

சரி, சரி... மன்னிப்பெல்லாம் பொறவு கேளுங்க... இல்ல மாமா, எனக்கு நெசமாவே பயமா இருக்குது. பதினோரு வருசம் அடுத்தவங்க கம்பெனியில தெச்சோம். இந்த லாட்டு பாஸ் ஆனாத்தான் ஆர்டர் நேரா நம்ம பேருக்கு வருது. ஃபெயிலானா மறுக்கா டிபன் கேரியரைத் தூக்கிட்டு ஷிஃப்ட்டுக்குப் போவோணும், நீங்களும் நானும். அதுக்குத்தான் இத்தனை கத்தறேன்...

யாரு, சரக்கு செக் பண்ற க்யூசி வேல்குமார் சாரா? வந்துட்டாருங்க. வந்து அரை மணி நேரமாச்சு... இன்னும் ஒரு பீஸ் கூடப் பாக்கல... எங்கயும் போகல. போகவும் முடியாது. பாத்ரூமுக்குள்ள இருக்கறாரு... வயித்துக்கு ஒண்ணுமில்லீங்க! கை கழுவிட்டு வந்துடறேன்னு போனாரு, தாப்பாள் துருப்புடிச்சு சிக்கிருச்சு... அதேதான். அதே தாப்பாள்தான். சித்திரையில இருந்து சொன்னேனே, ஒரு சொட்டு அடிங்க, ஒரு சொட்டு அடிங்கன்னு. டம்ளருக்கு அடிச்சீங்க, முட்டிக்கு அடிச்சீங்க, இந்த அனுசுயா கேட்ட ஒரே ஒரு எடத்துக்கு மட்டும் உங்களுக்குக் கை வரல...

தட்டறாருங்க. கேக்குதா?... ஜன்னல் வழியா எளநி குடுத்திருக்குது. நல்ல மனுசன், தேங்க்ஸ் சொன்னாரு...

கதவை ஒடைக்கறதா?... என்னது?... ம்... ம்... அட, ஆமா. எண்ணெய் கேன் இங்கதான இருக்குது. என்ற கையிலதான் வெச்சிருக்கறேன்... ஆமா, சந்துல அந்தச் சின்ன டியூபை விட்டு அடிச்சா தெறந்துக்கும்... ஒரு நிமிசத்துல தெறந்துக்கும்...

ஏனுங்க. அவிநாசி ஊட்ல இருந்து இங்க மண்ணரை யூனிட்டுக்கு வர எத்தனை நேரமாகும்?... இருபது நிமிசமா. கறை ஸ்ப்ரே அடிச்சுப் பொடி காயறதுக்கு ஒரு பத்து. தட்டி மடிக்கறதுக்கு ஒரு பத்து... நான் ஒண்ணும் சொல்லல, சும்மா கணக்குப் போடறேன்... பாவந்தான். நானும் பாவம்தான்... ரோஸ்மேரி! அழுதது போதும் கண்ணு, மூஞ்சியைத் தொடச்சுட்டு பிரஷை எடு!... உங்களைத்தான் மாமா, அந்தக் கேனைத் தூக்கிட்டுக் கெளம்புங்க. பீரோ கீச்சுங்கட்டும். வழியில எதுக்கும் அடிச்சுட்டு நிக்காதீங்க...

இருங்க, சார் கூப்படறாரு... சார்! எங்க ஊட்டுக்காரர்கிட்டத்தானுங்க சார் பேசிட்டிருக்கறேன்! தாப்பாளுக்கு அடிக்கற ஸ்ப்ரேவை அவரு ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாருங்க சார்! வந்துட்டே இருக்கறாரு! இன்னொரு எளநி வெட்டட்டுங்களா சார்?...

கேட்டுச்சுங்களா மாமா? ரெண்டாவது எளநிக்குள்ள வந்து சேருங்க. வெக்கறேன்.