சட்டைப் பையின் மேல் ஒரு பெயர்

— துவைச்சு இஸ்திரி போட்டிருக்கேன் முதலாளி. பட்டன் ஒண்ணுகூடக் குறையல. எடுத்துக்கோங்க.

— இந்தா பாரும்மா, சட்டையத் திருப்பிக் குடுத்தா என்ன அர்த்தம்?

— திங்கக்கிழமைலேருந்து வேற கம்பெனில லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போறேன்னு அர்த்தம்.

— போச்சுடா! ரெண்டு வருஷத்துல நீ அஞ்சாவது ஆள். உங்களுக்கெல்லாம் கால்ல சக்கரம். அங்க சம்பளம் கூடவா?

— இதே சம்பளம்தான்.

— அப்புறம் என்ன கேடு?

— பாக்கெட் மேல தச்சிருக்கறதப் படிங்க.

— அது... முன்னால இருந்தவன் பேரு.

— எட்டு மாசமா அவன் பேரோட அலையறேன். ஆஸ்பத்திரி லிஃப்ட்ல மாட்டின நோயாளிய வெளிய கொண்டு வந்தது யாரு?

— நீதான். இதுல என்ன சந்தேகம்?

— பாராட்டி லெட்டர் வந்துச்சே, அதுல யார் பேரு?

— சட்டையப் பாத்து எழுதிட்டாங்க போல...

— நீங்களும் அப்படியே சுவத்துல ஒட்டிட்டீங்க. அந்த லெட்டரைப் போட்டோ எடுத்து அம்மாகிட்ட காட்டினா, “யாருடி இவன்?”னு கேக்கறாங்க.

— சரி, சிரிக்காத.

— நான் சிரிக்கல முதலாளி.

— ...இந்தா பாரு, அந்தக் கீழ் டிராயரைத் திற.

— பூட்டியிருக்கு.

— இறுகியிருக்கு. உதைச்சு இழு.

— ஐயோ! புதுச் சட்டை! இது என் பேரு! எப்பத் தச்சீங்க?

— நீ சேர்ந்த ரெண்டாவது வாரம்.

— எட்டு மாசமா உள்ளயே கிடக்கா?

— முன்னால நாலு பேருக்கும் ஆசையாத் தச்சுக் குடுத்தேன். குடுத்த கையோட கிளம்பிட்டாங்க. ராசியில்லாத சட்டை. உன்னையாவது தக்க வச்சுக்கலாம்னு...

— அவங்க சட்டையாலயா போனாங்க? வேலையெல்லாம் நீங்களே பாக்க, பக்கத்துல டார்ச் பிடிச்சுப் பிடிச்சே கை மரத்துப் போய்ப் போனாங்க! என்னை மட்டுந்தான் மெஷினைத் தொட விட்டீங்க.

— எனக்கு முட்டி வலிம்மா. வேற வழியில்லாம விட்டேன்.

— வாழ்க உங்க முட்டி!

— கிண்டலா? சரி, மேலயே மாட்டிப் பாரு. அளவு சரியா?

— தோள் கொஞ்சம் லூசு.

— பிரிச்சுத் தைக்கச் சொல்றேன். போன் அடிக்குது பாரு, எடு.

— நானா? நான்தான் கிளம்பிட்டேனே.

— சட்டை யார் மேல இருக்கு? எடும்மா.

— ஹலோ... ஆஸ்பத்திரியா? லெட்டர்ல இருக்கற அவரா? அவர் போய் எட்டு மாசத்துக்கு மேல ஆச்சுங்க. அன்னிக்கு வந்தது நான்தான். பேனா இருக்கா? என் பேரைச் சொல்றேன், எழுதிக்கோங்க... ஆமாங்க, திங்கக்கிழமையும் நானேதான் வருவேன்.